தங்கைக்குத் தடயவியல் உளவியல் படிக்க ஆசை: கீழக்கரையிலிருந்து ஒரு கேள்வி

கீழக்கரை மாலுமி · வெள்ளி, இரவு 9.12

அனைவருக்கும் ஸலாம், வணக்கம்.

என் தங்கை மதுரையில் எம்.எஸ்ஸி. உளவியல் முடித்துவிட்டு மே மாதம் வீட்டுக்கு வந்தாள். வந்த நாளிலிருந்து ஒரே பேச்சு, தடயவியல் உளவியலாளர் ஆகப்போகிறேன் என்று. இணையவழியில் நடக்கும் ஓராண்டு டிப்ளமோ ஒன்றைத் தேடிப் பிடித்திருக்கிறாள். கட்டணம் ஒன்றரை லட்சம். விளம்பரத்தில் ஒரு கைவிலங்கு, ஒரு மூளை, பின்னால் இருட்டறை. முடித்தால் "சான்றளிக்கப்பட்ட தடயவியல் உளவியலாளர்" என்று போட்டுக்கொள்ளலாமாம். அவள் அழுத அழுகையில் முன்பணம் ஐயாயிரத்தை நானே கட்டிவிட்டேன். கட்டிய பிறகுதான் யோசனை வருகிறது.

வாப்பா ஒரு கேள்விதான் கேட்டார்: "இது மனநோய் தீர ஏர்வாடி தர்காவுக்கு வருகிறவர்களைப் பார்க்கிற படிப்பா, போலீசோடு சுற்றுகிற படிப்பா?" என்னிடம் பதில் இல்லை. உம்மாவின் கவலை வேறு. மாப்பிள்ளை வீட்டாரிடம் பெண்ணுக்கு என்ன வேலை என்று சொல்வது?

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான் கடையில் கணக்கு எழுதுகிறவன், இதெல்லாம் எனக்கு எட்டாது.

தேவிபட்டினம் நவகிரகம் · வெள்ளி, இரவு 9.40

கொலைகாரனின் மனத்துக்குள் புகுந்து பார்க்கும் வேலை என்றால் நம் பக்கம் அதற்குத் தேவையில்லை காக்கா. இங்கே நடக்கும் வெட்டுக்குத்துக்கெல்லாம் காரணம் வரப்பு, வட்டி, பழைய பகை. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலைப் புரட்டினாலே பாதி தெரிந்துவிடும். தங்கையை வங்கித் தேர்வு எழுதச் சொல்லுங்கள்.

உப்பங்காற்று · வெள்ளி, இரவு 11.05

மாலுமித் தம்பி, முதலில் ஒன்று: மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள்.

நான் மருத்துவ உளவியலாளர். இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒப்பந்தப் பணியில் சில ஆண்டுகள் இருந்தேன், இப்போது மதுரையில் இருக்கிறேன். நீதிமன்றக் கூண்டில் நின்ற அனுபவமும் உண்டு. இந்தியாவில் "தடயவியல் உளவியலாளர்" என்று தனியாக ஓர் உரிமம் கிடையாது. நோயாளியைச் சோதித்து அறிக்கை எழுதும் தகுதி மருத்துவ உளவியலாளருக்குத்தான் உண்டு. அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவேட்டில் இருக்க வேண்டும். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு இல்லாமல் இந்தத் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒன்றரை லட்சம் வாங்கிக்கொண்டு அச்சடித்துத் தரும் சான்றிதழைக் காட்டிக் கூண்டில் ஏறினால், எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வியே "உங்கள் பதிவு எண் என்ன அம்மா?" என்பதாகத்தான் இருக்கும்.

எங்கள் காலத்தில் வழி நேரானது. எம்.ஏ. அல்லது எம்.எஸ்ஸி., பிறகு இரண்டாண்டு எம்.பில். மருத்துவ உளவியல், முழுவதும் மருத்துவமனை வார்டில். இப்போது கொஞ்சம் குழப்பம். பல்கலைக்கழக மானியக் குழு 2022 விதிகளில் எம்.பில். பட்டத்தையே நிறுத்திவிட்டது. மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிப்புக் கொடுத்தது. ஆகவே எங்கே பணம் கட்டினாலும், அந்தப் படிப்பு கவுன்சிலின் அந்த ஆண்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள். குஜராத்தில் காந்திநகரில் தேசியத் தடயவியல் அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. தடயவியல் உளவியலை முதுகலையாகவே அங்கே படிக்கலாம். நல்ல இடம். ஆனால் அந்தப் பட்டம் மட்டும் கையில் இருந்தால் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கலாமே தவிர, நோயாளியின் முன்னால் உட்கார முடியாது.

இனி வாப்பாவின் கேள்வி. பதில்: இரண்டும்தான். அதிலும் முதலாவதுதான் அதிகம்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். கடலோரக் குப்பம் ஒன்றில் ஒருவர் தன் அண்ணனை அரிவாளால் வெட்டிவிட்டார். அண்ணன் பிழைத்துக்கொண்டார். தம்பி ஆறு மாதமாகத் தூங்காதவர், வலையில் யாரோ மந்திரித்த கயிற்றைக் கட்டிவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். என்னிடம் வந்தபோது மாத்திரை வேலை செய்யத் தொடங்கியிருந்தது, அமைதியாக இருந்தார். மைத்தடத்தில் என்ன தெரிகிறது என்று கேட்கும் ரோர்ஷாக் சோதனையின் பத்து அட்டைகளையும் ஒவ்வொன்றாக நீட்டினேன். முதல் அட்டைக்கு உலகம் முழுவதும் பெரும்பாலோர் சொல்லும் விடை வௌவால் அல்லது வண்ணத்துப்பூச்சி. இவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கண்ணுக்கு அருகே கொண்டுபோனார், பிறகு சட்டென்று முகம் தெளிந்து, "திருக்கை" என்றார்.

நான் பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறேன். வழக்கமான விடைகளிலிருந்து விலகும் விடைகள் கூடிக்கொண்டே போனால், இவர் உலகைச் சிதைத்துப் பார்க்கிறார் என்ற பக்கம் மதிப்பெண் சாயும். ஆனால் விடிந்தால் வலையில் திருக்கையைப் பார்க்கிற மனிதர் சிறகு விரித்த கறுப்பு உருவம் ஒன்றைத் திருக்கை என்று சொன்னால் அதில் சிதைவு எங்கே இருக்கிறது? வௌவால் என்று சொல்லியிருந்தால்தான் நான் யோசித்திருப்பேன்.

ஏழு மாதம் கழித்துச் சம்மன் வந்தது. குறுக்கு விசாரணையில் அரசு வழக்கறிஞர் கேட்டார்: "நீங்கள் சோதித்தது எந்தத் தேதி? சம்பவம் நடந்தது எந்தத் தேதி? அந்த இரவில் இவர் மனம் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியுமா?" தெரியாது என்றேன். குரல் நடுங்கியது. அரங்கில் யாரோ சிரித்தார்கள்.

மிச்சத்தை நாளை எழுதுகிறேன், கண் சொருகுகிறது.

ஓய்வுபெற்ற சிரஸ்தார் · சனி, காலை 6.20

அம்மா, தெரியாது என்று சொன்னதற்கு வெட்கப்பட வேண்டாம். முப்பத்தொரு வருடம் நீதிமன்றக் கட்டுகளைத் தூக்கியவன் சொல்கிறேன். தெரியாததைத் தெரியும் என்று சொன்ன நிபுணர்களைத்தான் தீர்ப்புகள் கிழித்துப் போட்டிருக்கின்றன.

மற்றவர்களுக்காக: பழைய இந்திய தண்டனைச் சட்டம் 84-ஆவது பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 22. செயலைச் செய்யும் அந்த நேரத்தில், மனப்பிறழ்வு காரணமாக, தான் செய்வது இன்னதென்றோ அது தவறு அல்லது சட்டவிரோதம் என்றோ அறிய முடியாத நிலையில் இருந்தால் அது குற்றம் ஆகாது. "அந்த நேரத்தில்" என்ற சொல்லில்தான் எல்லாம் தொங்குகிறது. நோய் இருப்பது மட்டும் போதாது. 1964-இல் தாயாபாய் தக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. நிரூபிக்கும் சுமை எதிரியுடையது, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருடையது. ஆனால் உரிமையியல் வழக்கில் ஒரு தரப்பு எவ்வளவு காட்ட வேண்டுமோ அவ்வளவு காட்டினால் போதும்.

இதன் வேர் லண்டனில் இருக்கிறது. 1843-இல் மக்நாட்டன் என்பவர், பிரதமர் பீல் என்று நினைத்து அவருடைய செயலாளர் டிரம்மண்டைச் சுட்டார். அந்த வழக்கை ஒட்டிப் பிறந்த விதியைத்தான் 1860-இல் இங்கே சட்டமாக்கினார்கள். இளம் வக்கீல்கள் "மக்நாட்டன்" என்று சொல்லும்போது கூண்டில் நிற்கும் மீனவர் தன் பெயரைத்தான் சொல்கிறார்கள் என்று நிமிர்ந்து பார்ப்பார்.

இன்னொரு விஷயம், மாலுமியின் தங்கைக்குப் பயன்படும். வழக்கு நடத்தும் அளவுக்கு எதிரிக்கு மனத்தெளிவு இருக்கிறதா என்று பார்ப்பது வேறு சங்கதி. அது பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் 328, 329. இப்போதைய புதிய சட்டத்தில் 367, 368. பழைய சட்டத்தின் 2008 திருத்தத்தில் "மனநல மருத்துவர் அல்லது மருத்துவ உளவியலாளர்" என்று அச்சாகவே சேர்த்தார்கள். அதற்கு முன் சிவில் சர்ஜன் அல்லது அரசு குறிக்கும் வேறு மருத்துவ அதிகாரி, அவ்வளவுதான். நான் கட்டு தூக்கத் தொடங்கிய காலத்தில் உளவியலாளர் என்ற சொல்லே கோப்பில் வராது. சந்தேகம் என்றால் ஆளைச் சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்கு அனுப்புவோம். 1794-இல் தொடங்கிய இடம். சேது எக்ஸ்பிரஸில் இரண்டு காவலர்கள் காவலுக்குப் போவார்கள். ஒருமுறை ஒரு காவலர் தூக்கம் வந்துவிடுமோ என்று பயந்து, தன் துண்டின் ஒரு முனையை எதிரியின் மணிக்கட்டிலும் மறுமுனையைத் தன் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். விடியற்காலை விழித்துப் பார்த்தால் எதிரி உட்கார்ந்திருக்கிறார். காவலர் குளிரில் நடுங்கியதால் தன் போர்வையை எடுத்து அவருக்குப் போர்த்திவிட்டிருக்கிறார். இதைக் காவலரே என்னிடம் சொன்னார்.

தங்கச்சிமடம் வல்லம் · சனி, காலை 10.15

எல்லாம் சரி. எனக்கு ஒரு சந்தேகம். என் சித்தப்பா மகனை ஓர் இயந்திரத் திருட்டு வழக்கில் பிடித்துக்கொண்டு போனார்கள். எந்த ஊர், எந்த நிலையம் என்றெல்லாம் எழுதவில்லை. மூன்றாம் நாள் நான்தான் எடுத்தேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டான். பிறகு அந்த இயந்திரம் உரிமையாளரின் மச்சானுடைய கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அடித்தார்களா என்று கேட்டால் இல்லை என்கிறான். சத்தியம் செய்கிறான். "கேட்டுக்கொண்டே இருந்தார்கள் அண்ணே, கடைசியில் நான்தான் எடுத்தேனோ என்று எனக்கே தோன்றிவிட்டது" என்கிறான். வீட்டில் எல்லோரும் அவனைக் கோழை என்று ஏசினோம். இதைப் பற்றி உங்கள் படிப்பில் ஏதாவது உண்டா?

உப்பங்காற்று · சனி, மதியம் 2.30

அண்ணே, உண்டு. ஏசியதற்காக அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவர் கோழை இல்லை.

இதற்கு ஒருவருடைய வாழ்க்கையையே சொல்ல வேண்டும். மாலுமியின் தங்கையும் படிக்கட்டும், இந்தத் துறையில் ஓர் ஆள் எப்படி உருவாகிறார் என்பதும் இதில் இருக்கிறது. கிஸ்லி குட்ஜான்சன் ஐஸ்லாந்துக்காரர், 1947-இல் பிறந்தவர். இளமையில் ரெய்க்யவிக் நகரில் போலீசில் வேலை பார்த்தார். ஒரு பெண்ணின் பணப்பை காணாமல் போன புகார் வந்தது. அவளோடு குடித்துக்கொண்டிருந்தவரை விசாரித்தார். குடியில் நினைவு தப்பும் மனிதர். நினைவில்லை, ஆனால் நான்தான் எடுத்திருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். பிறகு பார்த்தால் பை திருடு போகவே இல்லை, அவளே எங்கோ வைத்து மறந்திருக்கிறாள். உங்கள் தம்பியின் கதைதானே அண்ணே? நாடுதான் வேறு.

அந்தப் பை அவரை விடவில்லை. இங்கிலாந்தில் மருத்துவ உளவியல் படித்தார், முனைவர் பட்டம் வாங்கினார், லண்டன் மனநல மருத்துவ நிறுவனத்தில் பேராசிரியர் ஆனார். பகலில் வார்டு, மாணவர்கள். நடுநடுவே சிறைக்குப் போய்க் கைதிகளைப் பார்ப்பது. 1984-இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார். முறை எளிமையானது. ஒரு சிறு கதையைப் படித்துக் காட்டுவார்கள். நினைவிலிருந்து சொல்லச் சொல்வார்கள். பிறகு இருபது கேள்விகள். அதில் பதினைந்து, கதையில் இல்லாததை இருப்பதுபோல் கேட்கும் பொறிக் கேள்விகள். எத்தனை பொறியில் மாட்டினார் என்பது ஓர் எண். பிறகு கொஞ்சம் கடுமையாக, "நிறையத் தவறு செய்துவிட்டீர்கள், மறுபடி கேட்கிறேன், கவனமாகச் சொல்லுங்கள்" என்பார்கள். எத்தனை விடைகளை மாற்றினார் என்பது இன்னோர் எண். இரண்டும் சேர்ந்தால், அழுத்தம் கொடுத்தால் இந்த ஆள் எவ்வளவு வளைவார் என்று தெரியும். அடி, உதை எதுவும் இல்லை. குரலில் கொஞ்சம் கடுமை, அவ்வளவுதான்.

குண்டுவெடிப்பு வழக்குகளில் பொய் ஒப்புதலால் பதினைந்து, பதினாறு ஆண்டுகள் சிறையில் கிடந்த கில்ட்ஃபோர்ட் நால்வர் 1989-இலும் பர்மிங்காம் அறுவர் 1991-இலும் விடுதலையானார்கள். அந்த இரண்டு வழக்குகளின் கைதிகளையும் அவர் சிறையில் சோதித்திருக்கிறார். ஆங்கிலேய நீதிமன்றங்கள் இந்தச் சான்றுக்குக் காது கொடுக்கத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான்.

கடைசியில் சொந்த நாட்டுக்கே திரும்ப வேண்டியிருந்தது. 1974-இல் அங்கே இரண்டு பேர் காணாமல் போனார்கள். ஒருவர் கெஃப்லவிக் என்ற துறைமுக ஊர்க்காரர், நம் மண்டபம்போல மீன் வாடை அடிக்கும் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆறு இளைஞர்களைப் பிடித்துத் தனிக்கொட்டடியில் போட்டார்கள். ஒருவர் மட்டும் 655 நாள் தனிமையில். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். செய்ததாகவே நம்பியவர்களும் அதில் உண்டு. 2011-இல் அரசு அமைத்த ஆய்வுக்குழுவில் குட்ஜான்சன் இருந்தார். 2018 செப்டம்பர் 27 அன்று ஐந்து பேரைக் கொலைப் பழியிலிருந்து அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் விடுவித்தது. இருவர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள்.

தன் நினைவையே நம்பாமல் போகும் இந்த நிலைக்கு அவரும் மக்கீத் என்ற மனநல மருத்துவரும் 1982-இலேயே ஒரு பெயர் வைத்திருந்தார்கள், நினைவு அவநம்பிக்கை என்று. உங்கள் தம்பி சொன்ன வாக்கியத்துக்கு இதைவிடச் சரியான பெயர் எனக்குத் தெரியாது.

தங்கச்சிமடம் வல்லம் · சனி, மதியம் 3.02

அவனிடம் இதைப் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் வலையைப் பிரித்து உட்கார்ந்துவிட்டான்.

ஓய்வுபெற்ற சிரஸ்தார் · சனி, மதியம் 3.30

போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நம் சட்டத்தில் சாட்சியம் ஆகாது. முன்பு சாட்சியச் சட்டம் 25, இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 23. ஆனால் அதைத் தொடர்ந்து ஒரு பொருள் கைப்பற்றப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். நம் ஊர்ப் பொய் ஒப்புதல்கள் எல்லாம் அந்த வாசல் வழியாகத்தான் நுழைகின்றன. வாசகத்தை எழுதுகிறவர் யார் என்று கேட்காதீர்கள்.

பரமக்குடிக் கறுப்பு அங்கி · சனி, மாலை 6.45

உப்பங்காற்று அவர்கள் துறையின் நல்ல முகத்தை மட்டும் காட்டுகிறார். நான் மறுபக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மூளை அலையைப் பதிவு செய்து, குற்றத்தின் "அனுபவ நினைவு" ஒருவருக்குள் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதாக ஒரு கருவி வந்தது. உருவாக்கியவர் சாதாரண ஆள் இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்தில் மருத்துவ உளவியல் துறைத் தலைவராக இருந்த சி.ஆர்.முகுந்தன். 2008-இல் புனே நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் இந்தச் சோதனையையும் ஆதாரமாக எடுத்துக்கொண்டு தண்டனை கொடுத்தது. அதே ஆண்டு, நிம்ஹான்ஸ் இயக்குநர் தலைமையிலான நிபுணர் குழுவே இத்தகைய சோதனைகளுக்கு அறிவியல் அடிப்படை போதாது என்றது. 2010 மே 5 அன்று செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் உண்மை கண்டறியும் ஊசி, பொய் கண்டறியும் கருவி, மூளைப் பதிவு மூன்றையும் சம்மதமில்லாமல் யார்மீதும் நடத்தக் கூடாது என்று தடுத்தது. பல்கலைக்கழகத்தில் பெரிய பெயர் என்பது நீதிமன்றத்தில் பெரிய ஆபத்தும் ஆகலாம். நீதிபதி கருவியைப் பார்ப்பதில்லை, பட்டத்தைப் பார்க்கிறார்.

விளம்பரத்தில் மூளையும் கைவிலங்கும் போடுகிறவர்கள் விற்பது இந்தக் கனவைத்தான்.

உப்பங்காற்று · சனி, மாலை 7.10

வக்கீல் சார், மறுக்கவில்லை. இன்னும் ஒன்று கூட்டிச் சொல்கிறேன். குட்ஜான்சன் அளவுகோலை எடுத்துத் தமிழில் பெயர்த்து நம் ஊரில் நாளைக்கே பயன்படுத்தினால் அதுவும் அந்தக் கருவியைப் போன்ற தவறுதான். அந்தக் கதையில் ஒரு பெண் ஸ்பெயினுக்கு விடுமுறைக்குப் போகிறாள், அவள் பையைப் பறித்துக்கொள்கிறார்கள். விடுமுறைக்கு வெளிநாடு போவது என்பதே நம் பாசி எடுக்கும் அக்காவுக்கு நினைவில் ஒட்டாது. அப்புறம், அதிகாரி முன்னால் "ஆமாம் ஐயா" என்று சொல்வது இங்கே மரியாதை. அதை வளைந்துகொடுக்கும் குணம் என்று மதிப்பெண் போட்டால் மாவட்டமே தோற்கும். தொண்டிச் சந்தை, பாம்பன் தூக்குப்பாலம் என்று நம் இடங்களை வைத்துக் கதை எழுதி, நம் ஆட்கள் சில நூறு பேரிடம் நடத்தி, இங்கே சராசரி எது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். மாலுமியின் தங்கைக்கு முனைவர் பட்டத் தலைப்பு தேவைப்பட்டால் இலவசமாகத் தருகிறேன்.

பரமக்குடிக் கறுப்பு அங்கி · சனி, மாலை 7.25

அப்படிச் செய்தால் நானே சம்மன் அனுப்பி அழைக்கிறேன். உண்மையில் ஆட்கள் தேவை. 2022 மே மாதம் மனோஜ் வழக்கில், மரண தண்டனை கோரும் வழக்குகளில் குற்றவாளியின் உளவியல், மனநல மதிப்பீட்டை அரசுத் தரப்பு ஆரம்பத்திலேயே நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சிறுவயது, குடும்பம், வறுமை எல்லாம் அதில் வர வேண்டும். எழுதத் தெரிந்தவர்கள் எங்கே?

சாயல்குடி ஆசிரியை · ஞாயிறு, காலை 8.50

எழுதத் தெரியாமல் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள் சார், அதை நான் பார்த்தேன்.

என் பழைய மாணவன் ஒருவன், பதினேழு வயது. ஓர் அடிதடியில் ஒருவர் இறந்துபோனார். இளஞ்சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 15-ஆவது பிரிவுப்படி, பதினாறு முதல் பதினெட்டு வரை உள்ளவர்கள் கொடுங்குற்றத்தில் சிக்கினால், பெரியவர்களைப்போல விசாரிக்கலாமா என்று முதலில் ஒரு மதிப்பீடு நடக்கும். பையனின் தாய்க்கு எழுத்து வாசனை இல்லை என்பதால் துணைக்குப் போனேன். வந்தவர் எந்த அலுவலகம் என்று சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து எழுந்தது வரை இருபது நிமிடம். அதில் ஐந்து நிமிடம் தொலைபேசி. பிறகு அந்தத் தாளை நான் பார்க்க நேர்ந்தது. "நன்மை தீமை அறிவானா?" என்று ஒரு கேள்வி, பக்கத்தில் "ஆம்" என்று ஒரு சொல். பையன் எட்டாம் வகுப்பில் மூன்று தடவை உட்கார்ந்தவன். தன் வீட்டு முகவரியை முழுதாகச் சொல்லத் தெரியாதவன். அது எதுவும் தாளில் இல்லை.

இப்போதாவது விதி கொஞ்சம் இறுகியிருக்கிறது. இந்த மதிப்பீட்டைச் செய்யும் இளஞ்சிறார் நீதிக் குழுமத்தில் குழந்தை உளவியல் அல்லது மனநல மருத்துவம் படித்தவர் இல்லையென்றால் நிபுணரின் உதவியை எடுத்தே ஆக வேண்டும் என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நிபுணர் என்ற பெயரில் யார் வருகிறார் என்பதுதான் என் கவலை. மாலுமி, உங்கள் தங்கை அந்த நாற்காலியில் ஒருநாள் உட்காருவாள். ஓராண்டு இணையவழி டிப்ளமோவோடு உட்கார வேண்டாம்.

ஏர்வாடி வேப்பமரம் · ஞாயிறு, காலை 11.30

எல்லோரும் சட்டம் பேசுகிறீர்கள். வாப்பா கேட்ட கேள்வியில் எங்கள் ஊர்ப் பெயர் இருக்கிறது, அதனால் நானும் எழுதுகிறேன்.

2001 ஆகஸ்ட் 6. விடியற்காலை. அப்போது எனக்குப் பதினொரு வயது. மனநோயாளிகளை வைத்திருந்த ஓலைக் கொட்டகை எரிந்தது. ஊரில் எல்லோரும் வாளி தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உள்ளே இருந்தவர்கள் ஏன் ஓடி வரவில்லை என்று நான் என் பாட்டியிடம் கேட்டேன். காலில் சங்கிலி என்றாள். 28 பேர் போனார்கள். அடுத்த வாரம், 13-ஆம் தேதி, அதுபோன்ற காப்பகங்களை எல்லாம் மூடினார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை அரசு பொறுப்பில் எடுத்துக்கொண்டது. வேன்களில் ஏற்றிக்கொண்டு போனதை நின்று பார்த்தேன். ஒருவர் இறங்க மாட்டேன், ஏற மாட்டேன் இரண்டையும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது தர்கா வளாகத்திலேயே மருத்துவர்கள் உட்கார்கிறார்கள். துஆ ஓதிக்கொண்டவர்கள் அப்படியே மாத்திரையும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். மருந்தும் வேண்டும், துஆவும் வேண்டும் என்பதில் எங்கள் ஊரில் யாருக்கும் சண்டை இல்லை. தங்கைக்கு வார்டு அனுபவம் வேண்டும் என்றால் முதலில் இங்கே வந்து ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். கொலைகாரர்களைப் பார்க்கும் ஆசை போய்விடும். போகவில்லை என்றால் அவள் உண்மையிலேயே படிக்க வேண்டியவள்.

ஓய்வுபெற்ற சிரஸ்தார் · ஞாயிறு, மதியம் 12.15

உச்ச நீதிமன்றம் அந்த விபத்தைத் தானாகவே வழக்காக எடுத்தது. வழக்கின் தலைப்பிலேயே "25 பேர்" என்றுதான் இருக்கும். தலைப்பு அப்படியே நின்றுவிட்டது, எண்ணிக்கை 28 ஆகிவிட்டது. சங்கிலியைத் தடுக்கும் சட்டம் நேரடியாக வர 2017 ஆயிற்று. மனநலப் பராமரிப்புச் சட்டம், 95-ஆவது பிரிவு: எந்த விதத்திலும், எந்த வடிவத்திலும் சங்கிலியிடக் கூடாது. 2018 மே 29 முதல் அமலில் இருக்கிறது. அதே சட்டம்தான் மருத்துவ உளவியலாளரையும் மனநல நிபுணர் வரிசையில் வைக்கிறது.

தேவிபட்டினம் நவகிரகம் · ஞாயிறு, மதியம் 1.00

வங்கித் தேர்வு என்று எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கீழக்கரை மாலுமி · ஞாயிறு, இரவு 8.20

காக்காவின் கணக்கிலிருந்து தங்கை எழுதுகிறேன். இரண்டு நாளாக அவர் படித்துக் காட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். உம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். 655 நாள் என்ற இடத்தில் "அல்லாஹ்" என்றார், அதற்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் பேச்சை எடுக்கவில்லை.

அந்த டிப்ளமோ வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். வரும் வியாழக்கிழமை ஏர்வாடிக்குப் போகிறேன், வேப்பமரம் காக்கா யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். பதிவேட்டில் இருக்கும் படிப்பின் நுழைவுத்தேர்வுக்கு எப்படித் தயார் செய்வது என்று தனியாகக் கேட்கிறேன்.

உப்பங்காற்று லாத்தாவிடம் ஒரு கேள்வி மட்டும். திருக்கை என்று சொன்னவருடைய அறிக்கையில் என்ன எழுதினீர்கள்?

உப்பங்காற்று · ஞாயிறு, இரவு 10.40

திருக்கை என்றே எழுதினேன் தங்கச்சி. அடைப்புக்குறியில் "இவருடைய தொழிலில் அன்றாடம் கையாளும் மீன்" என்று சேர்த்தேன். அந்த அட்டையை மதிப்பெண்ணில் சேர்க்கவில்லை, ஏன் சேர்க்கவில்லை என்று ஒரு பத்தி எழுதினேன். வேறு சோதனைகள், மனைவி சொன்ன ஆறு மாத விவரம், மருத்துவரின் குறிப்பு எல்லாவற்றையும் வைத்து, நோய் சம்பவத்துக்கு முன்பே தொடங்கியிருந்தது என்பதற்கான அறிகுறிகள் இன்னின்ன, அந்த இரவைப் பற்றி நேரடியாகச் சொல்ல என்னால் இயலாது என்று முடித்தேன்.

அரசு வழக்கறிஞர் உட்கார்ந்த பிறகு நீதிபதி அந்தப் பத்தியைப் படித்தார். நிமிர்ந்து, "எந்தத் திருக்கை, புள்ளித்திருக்கையா?" என்று கேட்டார். அவரும் கடலோரத்துக்காரர்தான் போலிருக்கிறது. கேட்கவில்லை ஐயா என்றேன். "அடுத்த முறை கேளுங்கள்" என்றார்.

கீழக்கரை மாலுமி · திங்கள், காலை 9.05

அண்ணன்தான் எழுதுகிறேன். அந்த நிறுவனத்துக்குத் தொலைபேசி செய்தேன். முன்பணம் திரும்ப வராதாம், வேண்டுமானால் அதே தொகைக்குக் கையெழுத்தை வைத்துக் குணம் சொல்லும் படிப்பில் சேர்ந்துகொள்ளலாமாம். வாப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.